நாளொன்றுக்கு ஆறு யூனிட்

அணை முகாம், விட்டி லெவு, ஃபிஜி
28 ஜூன் 1981

நோலா,

மின் வாரியத்தின் பில் உன் கடிதத்தோடு வந்து சேர்ந்தது. விளக்குக்கும் அடுப்புக்கும் ஆனது சரியாகத்தான் இருக்கிறது. வெந்நீர் மீட்டரின் எண்ணைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன். அறுபத்தொரு நாளுக்குத் தொள்ளாயிரத்து இரண்டு யூனிட். அதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்கு வெறும் நானூற்று எண்பத்தெட்டு. வீட்டில் இருப்பது நீ ஒருத்தி. நான் கிளம்பி வந்து எட்டு மாதம் ஆகிறது, அங்கே வந்து குளித்துவிட்டுப் போகவில்லை என்று சத்தியம் செய்யத் தயார்.

ஜூன் அங்கே குளிர்காலம் என்பாய். டனீடின் குளிர் எனக்குத் தெரியாததா? குளிருக்கு எவ்வளவு கூடும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஹீட்டர் தொட்டி கரண்டைத் தின்பது இரண்டே வழிகளில்தான். நீ குழாயைத் திறந்து எடுக்கும் தண்ணீரைச் சூடாக்குவது ஒன்று. குழாயைத் தொடாவிட்டாலும் அந்தச் செம்புத் தொட்டி தன் சூட்டைச் சுற்றிலும் விட்டுக்கொண்டே இருக்கிறதே, அதை ஈடுகட்டுவது இன்னொன்று. எது எவ்வளவு என்று தெரியாமல் சிக்கனம் பேசுவது வெட்டிப் பேச்சு.

ஆகவே நீ இதைச் செய். ஜாம் காய்ச்சும்போது வைப்பாயே, அந்த வெப்பமானியை எடுத்து, சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு நிமிடம் ஓடவிட்டு, எத்தனை டிகிரி என்று பார். எல்லாக் குழாய்களின் கீழும் ஒரு கிண்ணம் வைத்து, சொட்டுகிறதா என்று கவனி. பிறகு ஒரு நாள், பகல் பத்து மணி நேரம் வெந்நீர்க் குழாய் எதையும் தொடாமல் இரு. தொடங்கும்போதும் முடியும்போதும் மீட்டரைக் குறித்துவை. நீ கம்பளி ஆலையில் பதினோரு வருஷம் கணக்கு எழுதியவள், எண்ணை மாற்றி எழுத மாட்டாய் என்று தெரியும். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

இதையெல்லாம் தொலைபேசியில் பேசலாமே என்பாய். முகாமில் இருப்பது ஒரே ஒரு தொலைபேசி. சனிக்கிழமை அதற்கு முன்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். நாற்பது பேருக்கு முன்னால் பெண்டாட்டியிடம் குளியல் கணக்கு கேட்க நான் தயாரில்லை.

கிறைஸ்ட்சர்ச் விஷயம். ஜனவரியில் "பிரசவம் ஆயிற்று, நலம்" என்று ஒரு வரி எழுதினாய். தத்துக் கொடுக்கக் கையெழுத்துப் போட்டாளா என்று பிப்ரவரியில் கேட்டேன், நீ பதில் எழுதவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை. குழந்தையைத் தத்துக் கொடுத்தாகிவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஈவன்


மோர்னிங்டன், டனீடின்
9 ஜூலை 1981

ஈவன்,

நீ சொன்னபடி செய்தாயிற்று. குழாய்த் தண்ணீர் எழுபத்தெட்டு டிகிரி. எந்தக் குழாயும் சொட்டவில்லை. குளியலறைக் குழாயின் கீழே வைத்த கிண்ணத்தில் காலையில் ஒரு சிலந்தி மட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து வரை வெந்நீரைத் தொடவில்லை. தேவாலயத்துக்குப் போய்விட்டு அப்படியே பக்கத்து வீட்டு பெரிலிடம் போய்விட்டேன். "என்ன நோலா, உங்க வீட்ல குழாய் வத்திப்போச்சா?" என்று கேட்டாள். "எங்க வீட்டுக்காரர் ஃபிஜியிலேருந்து பரீட்சை வச்சிருக்கார்" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பத்து மணி நேரத்தில் மீட்டர் சரியாக இரண்டு யூனிட் ஏறியது. மீதியை நீ பெருக்கிக்கொள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் கேட்பாய். வாரியம் மாலை ஐந்து மணிக்கு வெந்நீர் இணைப்பை அணைத்து எட்டு மணிக்குத்தான் திரும்பப் போடுகிறது. இப்போதெல்லாம் ஆறரைக்கே குழாயில் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. முன்பு நான் ஒருத்தியாக இருந்தபோது அப்படி ஆனதில்லை.

கிறைஸ்ட்சர்ச் விஷயம் என்று எழுதியிருக்கிறாய். கல்யாணம் ஆகாமல் அங்கே பிள்ளை பெறப் போனாலும் அவள் நம் மகள். அவளுக்கு லினெட் என்று பெயர், நீதான் வைத்தாய். லினெட் நன்றாக இருக்கிறாள். அக்டோபரில் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "குழந்தையைக் கொடுத்துட்டு வந்தா வரட்டும். தூக்கிட்டு வந்தா இந்த வாசப்படி ஏறக் கூடாது." அன்றைக்கு நான் பதில் பேசவில்லை. அதற்காக நான் ஒப்புக்கொண்டேன் என்று நீ நினைத்திருந்தால், அது என் தப்பும்தான்.

நோலா


அணை முகாம்
19 ஜூலை 1981

நோலா,

எழுபத்தெட்டு டிகிரியா! கோழியை உரித்துவிடலாம். அறுபது போதும். ஹீட்டரின் ஃபியூஸை முதலில் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள். பிறகு தொட்டியின் கீழ்ப்பக்கம் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றினால் தெர்மோஸ்டாட் தெரியும். அதன் முள்ளை அறுபதுக்குத் திருப்பு. மூடியை மாட்டிய பிறகுதான் ஃபியூஸைப் போட வேண்டும்.

பத்து மணி நேரத்துக்கு இரண்டு யூனிட் என்றால் நாளொன்றுக்கு நாலே முக்கால். நீ ஒரு டம்ளர் வெந்நீர்கூட எடுக்காவிட்டாலும் இந்த நாலே முக்கால் போகிறது. யூனிட் மூன்று சென்ட், தினமும் பதினான்கு சென்ட்டைத் தொட்டி நிற்கும் அந்த அலமாரி விழுங்குகிறது. இருபது வருஷமாக விழுங்கியிருக்கிறது, நானும் எலெக்ட்ரீஷியன் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

கொட்டகையில் இரண்டு சாம்பல் நிற ராணுவப் போர்வைகள் இருக்கும். இரண்டையும் தொட்டியைச் சுற்றி இறுக்கமாகச் சுற்று, கயிற்றால் கட்டு. தெர்மோஸ்டாட் மூடியை மட்டும் மறைக்காதே. சூட்டையும் குறைத்து, போர்வையும் சுற்றிவிட்டால் நாலே முக்கால் ஒன்றரைக்கு வந்துவிடும். இது உறுதி.

இனி உறுதியில்லாதது. பில்படி நாளொன்றுக்குக் கிட்டத்தட்டப் பதினைந்து யூனிட். தொட்டி விழுங்கியது ஐந்து என்றே வைத்துக்கொள். மிச்சம் பத்து. ஒரு பெண்பிள்ளையின் குளியல், பாத்திரம், திங்கட்கிழமைத் துவைப்பு, குளிர் எல்லாவற்றையும் சேர்த்துத் தாராளமாக நான்கு கொடுக்கிறேன். மிச்சம் ஆறு. ஆறு யூனிட் என்றால் பச்சைத் தண்ணீரை அறுபது டிகிரிக்குக் கொண்டுபோனது நூறு லிட்டர். தினமும் நூறு லிட்டர், நோலா. அது எங்கே போகிறது?

என்னோடு வேலை செய்யும் வில்லியாமே என் தோளுக்கு மேல் எட்டிக் கணக்கைப் பார்த்தான். "பாஸ், மீட்டர்ல கோளாறு இல்ல, குழாய்லயும் கோளாறு இல்ல. உங்க வீட்ல யாரோ குளிக்கிறாங்க பாஸ்." கொட்டகை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு படுக்கையில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈவன்


மோர்னிங்டன்
10 ஆகஸ்ட் 1981

ஈவன்,

தெர்மோஸ்டாட்டை அறுபதுக்குத் திருப்பினேன். ஃபியூஸ் சட்டைப் பையில் இருந்தது. சட்டைப் பையோடு கடைக்கும் போய்விட்டு வந்தேன், ஆகவே அரை நாள் தொட்டி கரண்ட் இல்லாமல் கிடந்தது. அதை உன் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதே.

போர்வைகளைச் சுற்ற பெரில் வந்தாள். தென்னாப்பிரிக்க ரக்பி அணி இங்கே ஆட வந்தது சரியா தப்பா என்ற சண்டையில் அவளும் அவள் புருஷன் கிளாரியும் வேறு வேறு மேசையில் சாப்பிடுகிறார்கள், அதனால் எங்கே கூப்பிட்டாலும் வந்துவிடுகிறாள். தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இது கிளாரியை விடக் கதகதப்பா இருக்கு" என்றாள்.

இனி எண்கள். போர்வை சுற்றிய முதல் வாரம் ஏழு நாளுக்கு எண்பது யூனிட். நீ சொன்னது பலித்தது. இரண்டாவது வாரம் ஏழு நாளுக்குத் தொண்ணூற்று நான்கு. ஏன் ஏறியது என்று நீ பென்சிலைக் கடிக்க வேண்டாம். நான் போர்வைகளை அவிழ்த்துவிட்டேன். அலமாரி குளிர்ந்துபோய்விட்டது. தொட்டிக்கு மேலே தட்டுகளில் காயப்போட்ட துணி மூன்று நாளாகியும் ஈரம் போகாமல் நாற ஆரம்பித்தது. வெளியே கொடியில் போடலாம் என்றால் ஒன்பது நாளாகச் சாரல். நீ மழைக்காட்டில் இருந்துகொண்டு மழையைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்லாதே.

ஆறு யூனிட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். உன் கணக்கு சரி. என்னால் எண்ணைக் குறைத்து எழுத முடியவில்லை. முயன்று பார்த்தேன். ஒரு தாளில் எண்பதுக்குப் பதில் ஐம்பத்தைந்து என்று எழுதி, அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கை வரவில்லை, கிழித்துப் போட்டேன்.

உன் வில்லியாமேயிடம் சொல், அந்த நகைச்சுவையை அவன் தன் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய் என்று எனக்கே எழுதி அனுப்பியிருக்கிறாயே, அது எனக்கு வலித்தது.

நோலா


அணை முகாம்
19 ஆகஸ்ட் 1981

நோலா,

எண் சரி என்கிறாய், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறாய். இருபத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு கடிதம் உன்னிடமிருந்து வந்ததில்லை.

நேராகவே கேட்கிறேன். என் வீட்டில் யார் குளிக்கிறார்கள்?

இங்கே கம்பெனி இன்னும் ஒரு வருஷத்துக்கு இருக்கச் சொல்கிறது. நவம்பரில் திரும்பி வருவதா, கையெழுத்துப் போட்டு இங்கேயே இருப்பதா என்று செப்டம்பர் முப்பதுக்குள் நான் சொல்ல வேண்டும். உன் பதிலைப் பார்த்துத்தான் சொல்லப் போகிறேன்.

ஈவன்


மோர்னிங்டன்
27 ஆகஸ்ட் 1981

ஈவன்,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். உட்கார்ந்து படிக்கத் தோன்றவில்லை. ஆம்பிளை யாரும் இல்லை. இதை எழுத வைத்தாயே என்று ஆத்திரமாக வருகிறது.

யார் என்று கேட்கிறாய். நான் எழுதிவிட்டால் நீ பதில் எழுதியே ஆக வேண்டும். நீ கோபத்தில் எழுதுகிற பதிலை அதற்கப்புறம் நீயே நினைத்தாலும் மாற்ற மாட்டாய், உன் சுபாவம் அது. அந்தப் பதிலுக்குத்தான் பயப்படுகிறேன். ஆகவே நீயே கண்டுபிடி. கண்டுபிடிக்கிறவரை யோசித்துக்கொண்டாவது இருப்பாய்.

மீட்டர் சொல்வது அத்தனையும் தருகிறேன். போர்வையை அவிழ்த்த அந்த வாரம் திங்கள் பதின்மூன்று, செவ்வாய் பதினான்கு, புதன் பதின்மூன்று, வியாழன் பதின்மூன்று, வெள்ளி பதினான்கு, சனி பதின்மூன்று, ஞாயிறு பதினான்கு. கூட்டிப் பார், தொண்ணூற்று நான்கு வரும்.

அந்த அலமாரியில் அப்படி என்னதான் காய்கிறது என்று நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதை நீ கேட்கவே இல்லை.

நோலா


அணை முகாம்
5 செப்டம்பர் 1981

நோலா,

மூன்று நாள் அந்த ஏழு எண்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் எதுவும் பிடிபடவில்லை. எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. பிறகுதான் அதுவே கோளாறு என்று உறைத்தது. நம் தெருவில் எந்த வீட்டை எடுத்தாலும் திங்கட்கிழமை மீட்டர் ஏறும், அன்றைக்குத் துவைப்பு. நம் வீட்டில் திங்கள் ஏறவில்லை. அப்படியானால் துவைப்பு எல்லா நாளும் நடக்கிறது. ஞாயிறும் நடக்கிறது. கல்யாணம் ஆன நாள் முதல் நீ ஞாயிற்றுக்கிழமை ஒரு கைக்குட்டையைக்கூட நனைத்து நான் பார்த்ததில்லை. உன் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைக்கு அடங்காத துணி உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது.

தினமும் பன்னிரண்டு, பதினைந்து நாப்கின் துணி. ஒரு குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர். அதன் தாயின் குளியல். நூறு லிட்டர் சரியாக வருகிறது.

போர்வையைச் சுற்றச் சொன்னது என் முட்டாள்தனம். 1962 குளிர்காலத்தில் குழாய்க்காரன் நம் தொட்டிக்கு உறை போட வந்தபோது அவனை விரட்டியவனே நான்தான். "இந்த அனல் வீண் இல்ல ஐயா, என் மக துணி இதுலதான் காயுது" என்றேன். அந்த அலமாரிக்கு இரண்டு தட்டுகள் கூடுதலாக அடித்ததும் நான்தான். இங்கே உட்கார்ந்து அதையே நஷ்டம் என்று எழுதியிருக்கிறேன். போர்வையால் மிச்சமாவது நாளைக்கு இரண்டு யூனிட், ஆறு சென்ட். ஆறு சென்ட்டுக்காக ஒரு வாரம் ஈரத்துணியோடு அல்லாட வைத்திருக்கிறேன்.

இதைத் தவிர எழுத எனக்கு எதுவும் வரவில்லை. அவள் தத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று இப்போது தெரிகிறது. நீ என்னிடம் மறைத்தாய் என்பதும் தெரிகிறது. வாசலில் நான் ஒன்று சொன்னேன், அதைச் சொன்னவன் நான்தான். கோபமாக இருக்கிறேனா, வேறு எப்படியாவது இருக்கிறேனா என்று எனக்கே விளங்கவில்லை. கம்பெனிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஈவன்


மோர்னிங்டன்
17 செப்டம்பர் 1981

ஈவன்,

கண்டுபிடித்துவிட்டாய். நீ கண்டுபிடித்தாய் என்று படித்தபோது முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அப்புறம்தான் பயம்.

ஈஸ்டருக்கு மறுநாள் லினெட் ரயிலில் வந்து இறங்கினாள். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் துணிக்கூடை, கூடைக்குள் குழந்தை. ஸ்டேஷனிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, "அம்மா, நான் வீட்டுக்கு வரல. உன்னை ஒரு தடவை பாத்துட்டு ராத்திரி ரயில்லயே திரும்பிடறேன்" என்றாள். தத்துக் காகிதத்தை மூன்று தடவை அவள் முன்னால் வைத்தார்களாம். மூன்று தடவையும் பேனா எழுதவில்லை என்று சொன்னாளாம். நான் டாக்ஸி பிடித்துப் போய் இரண்டு பேரையும் கூட்டிவந்தேன். யாரையும் கேட்கவில்லை. பிப்ரவரியில் உன்னைக் கேட்டிருந்தேன், கொஞ்சம் இறங்கி வரக் கூடாதா என்று. "கையெழுத்துப் போட்டாளா?" என்று ஒரே ஒரு வரி எழுதினாய்.

உனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். ஜூலையில் உன் கடிதங்கள் வரத் தொடங்கியதிலிருந்து லினெட் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மீட்டரைத்தான் பார்ப்பாள். "அம்மா, நேத்து பதினாலு. அப்பாவுக்குத் தெரிஞ்சிடும்மா." எனக்குத் தெரியாமல் நாப்கின்களைப் பச்சைத் தண்ணீரில் துவைக்க ஆரம்பித்தாள். நம் ஊர் ஆகஸ்ட் தண்ணீரில். விரல் முட்டியெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்த பிறகுதான் நான் பார்த்தேன். போட்டேன் ஒரு சத்தம். "உங்க அப்பா எண்ணை எண்ணிக்கிட்டு இருக்கட்டும். இந்த வீட்ல பச்சைத் தண்ணியில குழந்தைத் துணி துவைக்க நான் விட மாட்டேன்."

அவள் உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் தயாராக இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "அவர் நவம்பர்ல வர்றதுக்குள்ள நான் வேற இடம் பாத்துக்கறேன்" என்கிறாள். மில் ரோட்டில் ஒரு அறையைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறாள். சுவரில் பூஞ்சை, வெந்நீரே கிடையாது.

அவளைப் போக விட மாட்டேன், ஈவன். நீ கையெழுத்துப் போட்டு அங்கேயே இருந்தாலும் சரி, இங்கே வந்தாலும் சரி, இரண்டு பேரும் இந்த வீட்டில்தான் இருப்பார்கள். உன் வீடு என்று எழுதியிருந்தாய். என் வீடும்தான். உன்னைப் பிரிந்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, நீ வர வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். ஆனால் அதற்காக அவளை அனுப்ப என்னால் முடியாது.

இந்த மாதம் இதுவரை நாளொன்றுக்குப் பதின்மூன்றரை.

நோலா


அணை முகாம்
29 செப்டம்பர் 1981

நோலா,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. மீட்டரைப் பற்றி அவள் சொன்ன இடத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. வில்லியாமேயிடம் வயிற்றுவலி என்றேன். கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான், வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

என் மகள் என் வீட்டில் நான் எழுதிய எண்ணுக்குப் பயந்து கையை வெடிக்கவிட்டிருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது. நீ மறைத்த கோபம் இன்னும் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் உன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். எண்ணையும் மாற்றி எழுதியிருப்பேன்.

இனி வேலை. முப்பது காலன் தொட்டி நான்கு பேருக்குப் போதாது. மாலை ஐந்து மணிக்கு வாரியம் இணைப்பை அணைத்தால் ஆறரைக்கு ஆறத்தான் செய்யும், அதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். நாற்பது காலன் தொட்டி வேண்டும். குழாய்க்காரர் ஆல்ஃப் பிரிங்கிளுக்கு இதே தபாலில் எழுதியிருக்கிறேன். பொருத்துக் கூலியோடு ஏறக்குறைய இருநூறு டாலர் ஆகும். கூரைத் தகரத்துக்கு வைத்ததிலிருந்து எடு, தகரம் இன்னொரு வருஷம் தாங்கும். புதுத் தொட்டி கொஞ்சம் உயரம், கீழ்த் தட்டு ஒன்றைக் கழற்ற வேண்டியிருக்கும். மேல் தட்டுகளை ஆல்ஃப் தொடக் கூடாது. போர்வையைக் கீழ்ப் பாதிக்கு மட்டும் சுற்று, மேலே அனல் வரட்டும்.

நான்கு பேருக்கு நாளொன்றுக்குப் பதினேழு யூனிட், ஐம்பத்தொரு சென்ட் வரும். நான் சரிபார்த்துவிட்டேன், கட்ட முடியும். நான்காவது ஆள் யார் என்று கேட்பாய். கம்பெனிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நவம்பர் பதினான்காம் தேதி விமானம்.

மில் ரோடு அறை வேண்டாம் என்று லினெட்டிடம் சொல். நான் சொன்னதாகவே சொல். என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் அவள் பேச வேண்டாம், வீட்டில் இடம் இருக்கிறது. மீட்டரைப் பார்ப்பதையும் நிறுத்தச் சொல்.

ஜூன் மாதத்திலிருந்து நான் கேட்ட எல்லா எண்ணையும் நீ ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினாய். உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்து, இன்று மறுபடி படித்துப் பார்த்தேன். குழந்தை பையனா பெண்ணா என்று ஒன்றிலும் இல்லை. பெயரும் இல்லை. நான் கேட்கவில்லை, அதனால் நீ எழுதவில்லை.

இப்போது கேட்கிறேன்.

ஈவன்